எங்கள் வாசலுக்கு வராமல் திரும்பிய படகு

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மழையில் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால், ஏரிக்குக் கீழே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏரிக்குக் கீழே என்று இப்போதுதான் சொல்கிறேன். வீடு வாங்கிய சமயத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது, பால்கனியிலிருந்து ஏரி தெரியும் என்பது மட்டும்தான்.

நான் திருமுடிவாக்கத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்த மிஷினில் எந்த ஆர்டர் முதலில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. குடியிருப்போர் சங்கத்துக்கும் அப்போது நான்தான் செயலாளர். ஆசைப்பட்டு வந்த பதவி இல்லை, நான் போகாத ஒரு கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அன்று காலை விடிந்தபோது தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கார்களின் கூரை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. கரண்ட் முந்தின நாளே போயிருந்தது. என் கணவர் சிறுசேரியில் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கவலையெல்லாம் மூன்றாம் மாடி பாயைப் பற்றித்தான்.

பாய் படப்பையில் டயர் கடை வைத்திருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்த பிறகு, அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரைத் திறந்திருந்தார்கள். அதன் முள் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகன் படப்பைப் பக்கம் மாட்டிக்கொண்டு வர வழியில்லாமல் இருந்தான்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்குத் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் செய்தோம். போலீஸ், தீயணைப்பு, கவுன்சிலர், யாருடைய மச்சானுக்கோ தெரிந்த ஓர் அதிகாரி. பலன் என்னவென்றால், கொஞ்ச நேர இடைவெளியில் மூன்று படகுகள் எங்கள் ஒரே வாசலுக்கு வந்து நின்றன. மூன்றிலும் வந்தவர்கள், நோயாளி எந்த மாடியில் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எதிலும் ஆக்சிஜன் இல்லை. தெருக்கோடியில், கால்வாய் ஓரம் ஷீட் போட்ட வீடுகள் இருந்த பக்கம் ஒரு படகும் போகவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

தீயணைப்பு வீரர் ஒருவர் மூன்றாம் மாடி வரை ஏறி வந்து பாயைப் பார்த்தார்.

"இவர இந்த ரப்பர் போட்டுல ஏத்த முடியாதும்மா. படுக்க வெச்சு, சிலிண்டரோட இட்டுகினு போணும். பெரிய போட்டு வேணும், கூட மருந்து தெரிஞ்ச ஆள் வேணும். நீங்க ஒருத்தர் எங்ககூட மெயின் ரோட்டுக்கு வாங்க. அங்க மிலிட்டரி வந்து கீது. நேர்ல சொன்னாதான் வேலை ஆவும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போய்ட்டு வா. கையோட இட்டுகினு வா" என்றார். இட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மெயின் ரோட்டில் மேடான இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் வாசல் திருவிழாக் கூட்டம் போல இருந்தது. ராணுவ வீரர்கள், போலீஸ், தீயணைப்பு வண்டி, கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்த மீனவர்கள், விமானப்படைத் தளத்திலிருந்து மருந்தும் சிலிண்டரும் கொண்டுவந்த ஒரு வண்டி. எல்லோருக்கும் உதவும் எண்ணம்தான். ஆனால் யார் எங்கே போவது என்றுதான் சத்தம்.

சத்தத்துக்கு நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜையைப் போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்த தாசில்தார் அம்மா. செருப்பில்லாமல், புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். இன்னொருவர் ராணுவ கேப்டன். வடக்கத்திக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. மக்கள் தாசில்தாரிடம் சொன்னார்கள். அவர் கேப்டனிடம் சொன்னார். கேப்டன் சொல்லாமல் ஒரு படகும் அங்கிருந்து கிளம்பவில்லை. தனக்கு வேண்டிய அதிகாரியின் பெயரைச் சொல்லி ஒரு படகைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்த ஒருவரையும் அவர் மரியாதையாக உட்கார வைத்துவிட்டார்.

என் முறை வந்தது. கேப்டன் ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டார். நோயாளியால் உட்கார முடியுமா, சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும், படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா. சிலிண்டர் மாலை வரை தாங்காது என்றேன். தலையாட்டினார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கடற்படையின் லாரி வந்தது. அடிப்பகுதி கெட்டியான பெரிய படகு, நீரில் மூழ்கி வேலை செய்யும் வீரர்கள், ஒரு மருத்துவ உதவியாளர். அவர்களோடு வந்த அதிகாரிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கேப்டன் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அடித்து முடித்ததும் அவருக்கு வேலை சொன்னார். எங்கள் தெரு, மூன்றாம் மாடி, ஆக்சிஜன் நோயாளி. நரைத்தவர் கேட்டுக்கொண்டு, விமானப்படை வண்டியிலிருந்து கையில் தூக்கும் சிலிண்டர் ஒன்றை வாங்கிப் படகில் வைக்கச் சொன்னார். வழிகாட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

படகில் எனக்கு உயிர் வந்தது. அந்த அதிகாரி தூத்துக்குடிக்காரர், நன்றாகப் பேசினார். மனசுக்குள் உறுத்தியதைக் கேட்டேவிட்டேன். "சார், உங்களைப் பார்த்து அவர் சல்யூட் அடிச்சார். அப்புறம் உங்களுக்கே ஆர்டர் போட்டார். அது எப்படி?"

சிரித்தார். "ரேங்க்ல நான் ஒரு படி மேல, மேடம். அதுக்கு சல்யூட். ஆனா இன்னைக்கு இந்த ஏரியாவ அவர்கிட்ட கொடுத்திருக்காங்க. இங்க வர்ற நேவி, ஃபயர் சர்வீஸ், எல்லா போட்டும் அவர் சொல்ற இடத்துக்குத்தான் போகும். ஹெலிகாப்டர் வேணும்னாலும் அவர்தான் கேக்கணும். நாளைக்கே கடல்ல ஒரு வேலைன்னா அவரோட ஆளுங்க என் கப்பல்ல ஏறி, நான் சொல்றத கேப்பாங்க."

"அப்போ இங்க உங்களுக்கு என்ன சார் அதிகாரம்?"

"எங்க போகணும்னு அவர் சொல்வார். எப்படிப் போகணும்னு நான் சொல்வேன். அதுல அவர் தலையிட மாட்டார்."

எங்கள் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். படகில் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. கேப்டனின் குரல். கால்வாய் ஓரம் ஒரு வீட்டின் சுவர் இடிந்துவிட்டது, ஷீட் கூரை மேல் ஆட்கள் நிற்கிறார்கள், உடனே அங்கே திரும்புங்கள் என்றது.

அதிகாரி படகை நிறுத்தச் சொன்னார். தெளிவாகப் பதில் சொன்னார். நோயாளி எங்கள் கண்ணெதிரே இருக்கிறார், முதலில் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு அங்கே போக அனுமதி வேண்டும் என்றார். பிறகு அதே குரல், "இல்லை சார். இப்போதே திரும்புங்கள்" என்றது.

"சரி" என்றார். ஒரே வார்த்தை. படகு திரும்பியது.

"சார், நீங்கதானே பெரியவர்? இதோ இருக்கு வீடு. சிலிண்டரை மட்டும் கொடுத்துட்டுப் போகலாமே" என்று கெஞ்சினேன்.

"மூணு மாடி ஏறி இறங்கணும், மேடம். என் பக்கத்து நியாயத்த சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுட்டுதான் வேண்டாம்னார். நான் ஒரு போட்ட பாக்குறேன், அவர் எல்லா போட்டையும் பாக்குறார். இனிமே நான் பேசிட்டே நின்னா ரெண்டு இடமும் போயிடும்." அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பால்கனியில் அக்காவின் கை அப்படியே நின்றது.

கால்வாய் ஓரம் போய்ச் சேர்ந்தபோது, மற்ற படகுகள் ஏன் அங்கே நெருங்கவில்லை என்று புரிந்தது. தண்ணீர் அங்கே தெருவில் நிற்பது போல நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு பக்கம் சாய்ந்த கூரையின் உச்சியில் ஒரு குடும்பம். புருஷன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அந்த மனைவி தன் தையல் மிஷினின் தலையைக் கழற்றி, புடவையில் கட்டி இடுப்போடு வைத்திருந்தாள்.

இரண்டு வீரர்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பெரிய குழந்தையை முதலில் கொண்டுவந்தார்கள். சின்னவளை என் மடியில் போட்டார்கள். குளிரில் அவள் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. என் துப்பட்டாவால் அவளைச் சுற்றினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் குழந்தை மடியில் இருந்தபோதும் என் கண் எங்கள் மாடிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. இவர்களைச் சீக்கிரம் ஏற்றினால் அங்கே போகலாம் என்பதுதான் என் எண்ணமெல்லாம். அந்தப் பெண் மிஷினை விடமாட்டேன் என்று நின்றாள். "குடு, நான் வாங்கிக்கிறேன்" என்று ஒரு வீரர் அதையும் தோளில் வாங்கிக்கொண்டு வந்தார். கடைசியாகப் புருஷன் படகுக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் கூரை ஒரு பக்கமாக மடங்கித் தண்ணீருக்குள் போனது. பெரிய சத்தம்கூட இல்லை.

படகில் இடமில்லாததால் நேரே மண்டபத்துக்கே போனோம். இறங்கியதும் நான் மேஜையைப் பார்த்து ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தாசில்தார் அம்மா, "உங்க பேஷன்ட் இப்பதான் ஆம்புலன்ஸ்ல போறாரு. மூச்சு இருக்கு. அவங்க சம்சாரமும் கூடவே போறாங்க" என்றார்.

மண்டபத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் படகைத் திருப்பிய கையோடு, கேப்டன் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார். கோவளம் மீனவர்களின் படகு. அதில் விமானப்படை வண்டியிலிருந்து இன்னொரு சிலிண்டர், ராணுவத்தின் மருத்துவ உதவியாளர், காலையில் எங்கள் மாடி ஏறிப் பார்த்த அதே தீயணைப்பு வீரர். கால்வாய் இழுப்பில் குதித்து நீந்தக் கூடியவர்கள் கடற்படையினர் மட்டும்தான். சிலிண்டரை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். மேஜையில் இருந்து பார்த்தவருக்கு அது தெரிந்தது. படகில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கேப்டனிடம் போய் நன்றி சொன்னேன். அந்தப் படகு நேரத்துக்குப் போய்விடும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றும் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து, தெரியாது என்றார். இரண்டு இடத்தில் எது முதலில் என்று தாசில்தாரைக் கேட்டதாகவும், கூரை தாங்காது என்று அவர் சொன்னதாகவும், அதற்கு மேல் தனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை என்றும் சொன்னார். பிறகு, "அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அதற்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடற்படை அதிகாரி அல்ல" என்றார். சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் பாயைப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். படகு ஏன் திரும்பியது என்பதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பசங்க நல்லா கீறாங்களா?" என்றார்.

"நல்லா இருக்காங்க பாய்."

"அப்ப திரும்பிப் போனது சரிதான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். "அவருக்கு இன்னா, படுத்துகினு கீறாரு. பால்கனில நின்னது நானு. சரியோ தப்போ, அந்த போட்டு திரும்பினத என்னால இன்னும் மறக்க முடியல" என்றார். அருகில் போய் நின்றேன். அவர் தோளில் கை வைத்தபோது தட்டிவிடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் எங்கள் தெருவில் இருந்த எல்லாச் சங்கங்களையும், கால்வாய் ஓரத்து வீட்டுக்காரர்களையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். அவசரம் என்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர்தான் போன் செய்வது, எந்த வீட்டுக்கு முதலில் உதவி என்பதை அவர்தான் சொல்வது என்று முடிவு செய்தோம். அதற்கு நடந்த சண்டையைச் சொன்னால் தனிக் கதையாகிவிடும். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒருவராக அக்காவே இருக்கட்டும் என்று கால்வாய் ஓரத்துப் பெண்கள்தான் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அதுவரை, பணிந்து நடப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். மனதில் பட்டதை ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டு, முடிவெடுக்க வேண்டியவரை எடுக்கவிட்டு, பிறகு அந்த முடிவைத் தன்னுடையது போலவே முழு மனதோடு செய்வது அதைவிட எவ்வளவு கடினம் என்பதை அந்த நரைத்த மனிதரிடம் பார்த்தேன்; இத்தனை வருடங்களாக முயன்றும் அது எனக்கு இன்னும் பாதிதான் கைவந்திருக்கிறது.