அகஸ்டினா ஷிப்டில் கொளஞ்சி

தட்டாஞ்சாவடியில் எங்கள் கம்பெனி செய்வது மருந்து பாட்டிலுக்கு மூடி. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூடி இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு இருமல் மருந்தை எதில் ஊற்றி வைப்பார்களாம்? நான் அங்கே ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். அகஸ்டினா புரொடக்‌ஷன் மேனேஜர்.

நெல்லித்தோப்புக்காரர். பி.காம். முடித்துக் கணக்கு எழுத வந்தவர், ஏசி அறை பிடிக்காமல் மெஷின் பக்கம் போனார், அப்படியே தங்கிவிட்டார். சத்தம் போட மாட்டார். முடியாது என்பதை, டீ வேண்டாம் என்று சொல்கிற குரலில்தான் சொல்வார். அந்தக் குரலைக் கேட்டால் முதலாளி கலியபெருமாளே பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் மெஷினுக்கு லீவு கிடையாது. நிறுத்தினால் உள்ளே உருகின பிளாஸ்டிக் இறுகிப்போகும். மறுபடி சூடேற்றி, சுத்தம் செய்து, நல்ல மூடி விழுவதற்குள் ஒரு ஷிப்ட் வீணாகிவிடும். அதற்காகப் பண்டிகை வராமல் இருக்குமா? அகஸ்டினா ஒரு வழி வைத்திருந்தார். ‘ஆள் மாத்து’ என்போம். ஆப்பரேட்டர்களில், பொங்கலுக்கு மெரின் வகையறா மெஷினைப் பார்த்துக்கொள்ளும், கிறிஸ்துமஸுக்குக் கொளஞ்சி வகையறா. மாற்றிக்கொள்கிற இரண்டு பேரும் அகஸ்டினாவிடம் வாயால் சொன்னால் போதும். பொங்கலுக்கு மறுநாள் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் வரும், கிறிஸ்துமஸ் முடிந்தால் அச்சுமுறுக்கு வரும். அவர் காலத்தில் பண்டிகைக்கென்று ஒரு மெஷினும் நின்றதில்லை.

முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனதும் மகன் கமலக்கண்ணன் வந்தார். நிர்வாகம் படித்தவர். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதையும் சொல்லிவிட வேண்டும்: வாசலில் நாள் முழுக்க லாரிகள் முட்டிக்கொண்டு நின்ற கூத்தை ஒரே வாரத்தில் ஒழித்தார். அந்தத் தெம்பில் எல்லாவற்றையும் தொட ஆரம்பித்தார். சுவரில் பெரிய சார்ட் ஏறியது. எந்த வேலை யாரிடம் தொடங்கி யாரிடம் முடியும், யார் அனுமதி கொடுப்பது என்று கட்டம் கட்டமாக. பக்கத்தில் மேனேஜரின் வேலைகள் நான்கு: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின் வந்தது. சிஸ்டம் யாருக்கு எந்த ஷிப்ட் போடுகிறதோ அவர்தான் வர வேண்டும்.

மாசி மகம் வந்தது. கொளஞ்சிக்குத் தவளக்குப்பம் பக்கத்தில் ஊர். அவள் ஊர்ப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும்போது அவள் கூட வராமல் இருந்ததே இல்லை. மெஷினில் அவள் இடத்தில் மெரின் நின்றாள். அடுத்த நாள் கமலக்கண்ணன் ஒரு கடிதத்தோடு அகஸ்டினா மேஜைக்கு வந்தார். கொளஞ்சியை வேலையை விட்டு நீக்குகிற கடிதம். அகஸ்டினா கையெழுத்துதான் பாக்கி.

“கொளஞ்சி ஆப்சென்ட். மெரினுக்கு ஷிப்டே இல்ல, உள்ள இருந்திருக்கா. ரெண்டும் தப்பு அக்கா.”

“மெஷின் நின்னுச்சா தம்பி?”

“அது இல்ல விஷயம். ஒரு பிராசஸ் வச்சா அதக் காப்பாத்தறதுதான் மேனேஜர் வேலை. ஒருத்தர விட்டா நாளைக்கு எல்லாரும் அவங்க இஷ்டத்துக்கு வருவாங்க.”

“செவுத்துல நாலு வேல எழுதியிருக்கீங்க. திட்டம் போட்டேன், ஆளச் சேத்தேன், வேலய முடிச்சேன். ஒங்க கண்ணுக்கு நாலாவதுதான் தெரியுதா?”

“கையெழுத்துப் போடுங்கக்கா.”

அகஸ்டினா பேனாவை எடுத்தார். கொளஞ்சி என்ற பெயரை ஒரே கோடாக அடித்தார். மேலே ‘அகஸ்டினா’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

“அனுமதி குடுத்தது நான். ஒங்க சார்ட்டுல அனுமதிங்கற கட்டத்துல எம்பேருதான இருக்கு? அப்ப எஞ்சீட்டுதான் கிழியணும் சார்.”

தம்பி போய் சார் வந்துவிட்டது. கமலக்கண்ணனுக்கு முகம் சிவந்துபோனது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அடுத்த மாசம் பெரிய வெள்ளி. சிஸ்டம் போட்ட ஆள்தான் வரணும். மாறுச்சுன்னா ரெண்டு பேர் சீட்டும் கிழியும்.”

“பெரிய வெள்ளிக்கு நான் வரமாட்டேன். மெரினும் வரமாட்டா. இப்பவே சொல்லிட்டேன்.”

அகஸ்டினாவின் மகள் அப்போது நர்சிங் முதல் வருஷம். வீட்டுக்கு வருகிற சம்பளம் அகஸ்டினாவுடையது ஒன்றுதான். ‘கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்களேன்’ என்று நானே சொன்னேன். “கொளஞ்சி சோத்துல மண்ணப் போட்டு எம்பொண்ணப் படிக்க வைக்கச் சொல்றியா?” என்றார்.

பெரிய வெள்ளி. பகல் ஷிப்டில் சிஸ்டம் போட்டிருந்த அத்தனை பேரும் சர்ச்சில் சிலுவைப்பாதைக்குப் போகிறவர்கள். கமலக்கண்ணன் காலையிலேயே வாசலில் வந்து நின்றுவிட்டார். கொளஞ்சி வந்தாள், மெஷினுக்கு முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உங்கள் ஷிப்ட் இல்லை என்றது. “சரி, இருந்துக்கோ” என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகச் சிவப்பு விளக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தடுத்தால் மெஷின் நிற்கும். கமலக்கண்ணனுக்கும் அது தெரியும். வழி விட்டார்.

கொஞ்ச நேரம் போனது. ஒரு மெஷினில் மூடி கோணலாக விழ ஆரம்பித்தது. கமலக்கண்ணன் செல்போனைப் பார்த்தார். சிஸ்டத்தின்படி வந்தவர்கள் யாருமில்லை. அகஸ்டினாவுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. சிலுவைப்பாதை முடிந்துதான் அவர் கூப்பிட்டார். இரைச்சலில் கேட்காது என்று கமலக்கண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, மூடி கோணலா வருது. மெஷின நிறுத்தறதா வேணாமா? யாரக் கேக்கறதுன்னே தெரியல. சிஸ்டத்துல ஆளே இல்ல.”

“எஞ்ஷிப்ட கொளஞ்சிகிட்ட மாத்திட்டேன். இன்னைக்கு அவதான் மேனேஜர். அவளக் கேளுங்க.”

சட்டைப்பையில் அந்தக் கடிதத்தோடு கமலக்கண்ணன் கொளஞ்சியிடம் போனார். அவள் ஏற்கெனவே அந்த மெஷின் முன்னால்தான் குனிந்திருந்தாள். “கொளஞ்சி, இத...” என்று ஆரம்பித்தார். அவள் திரும்பவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், சூடு.”

தள்ளி நின்றார். மூடி நேராக விழும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை அகஸ்டினா வாசலிலேயே நின்றுவிட்டார். “நான் கையெழுத்துப் போட்ட கடுதாசி என்னாச்சு சார்?”

“கிழிச்சிட்டேன். உள்ள போங்கக்கா.”

“நேத்து வந்து வேல பாத்தவங்க ஒருத்தர் பேரும் சிஸ்டத்துல ஏறலையே. ஏத்துங்க. அதுக்கப்புறம் போறேன்.”

உள்ளே போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கமலக்கண்ணன் லேப்டாப்பை வாட்ச்மேன் மேஜையில் வைத்து நின்றுகொண்டே ஒவ்வொரு பெயராக அடித்தார். அகஸ்டினா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொளஞ்சி பேருக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க? ஆப்பரேட்டரா? நேத்து அவ மேனேஜர். மாத்துங்க தம்பி.”

கமலக்கண்ணன் மாற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் அகஸ்டினா உள்ளே போனார்.