பருந்துக்குப் பத்தரை மணி

என் அக்கா வீட்டுக்காரரை வேலையிடத்தில் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறார். மேலே கண்ணாடிக் கூண்டில் அவர், கீழே வாக்கிடாக்கியோடு நான். "இடப்பக்கம் மாமா, இன்னும் கொஞ்சம், இறக்குங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

கூண்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏணி. மேலே ஃபேன் உண்டு, ரேடியோ உண்டு, கழிப்பறை மட்டும் கிடையாது. அதனால் கிரேன்காரர்கள் மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். காலை ஆறு மணிக்கு நாலு கரண்டி சர்க்கரை போட்டு ஒரு டீ, அவ்வளவுதான். நடுவில் இறங்குகிறவனை ஆம்பளையாகவே மதிக்கமாட்டார்கள். வீராப்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை!

அப்படிப்பட்ட மனுஷருக்கு ஒரு நாள் பத்தரை மணிக்குக் கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, சட்டை தொப்பலாக நனைந்தது, கீழே பார்க்கவே பயம். மறுநாளும் அதே பத்தரை. அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார்.

"உயரத்துக்குப் பயந்தவன் கூண்டுல உக்காரக் கூடாது, மச்சான். அடியில நீதானே நிக்கிற?"

வேறு வேலை தெரியாத மனுஷர். அக்கா கடிதத்தை ஒரு தரம் படித்துவிட்டு மடித்து அவரிடமே கொடுத்தாள்.

மூன்றாம் நாள், வேலை முடிந்ததும் கொடுக்கவேண்டிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்க, கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்க, "மச்சான், வந்துடுச்சு" என்றார். கம்பிக்கட்டை மெதுவாகத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, ஏணியில் ஓடினேன். அவர் காலுக்குக் கீழே என் தலையை வைத்துக்கொண்டு படிப்படியாக இறக்கினேன்.

முதலுதவி அறையில் நர்ஸம்மா விரலில் குத்தினார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"நேத்து?"

"டீ."

"அம்பத்தி நாலுதான் இருக்கு சக்கரை. இது பயம் இல்லைங்க, பசி. வெறும் வயித்துல அவ்வளவு சக்கரை போட்டா சரசரன்னு ஏறி, அதே வேகத்துல இறங்கும்."

"பதினெட்டு வருஷமா இதே டீதானே குடிக்கிறேன்?"

"அப்போ உங்களுக்கு வயசு இருபத்தாறு!"

ஜூஸ் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு ரொட்டியும் முட்டையும் தந்து, டாக்டரையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். டாக்டரும் சோதனையெல்லாம் செய்துவிட்டு அதையேதான் சொன்னார். வெளியே வந்த மாமா தூரத்தில் தெரிந்த கிரேனை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, காலையில் வயிறாரச் சாப்பிட்டு, அக்கா மடித்துக் கொடுத்த ஒரு பொட்டலத்தோடு ஏறினார். நான் கீழே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்தரைக்கு வாக்கிடாக்கியில் சத்தமே இல்லை.

"மாமா? மாமா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மச்சான், கடலை வாயில நிறைய இருக்கு. உங்க அக்கா எதுல மடிச்சுக் கொடுத்திருக்கா தெரியுமா? என் ராஜினாமாக் கடுதாசில."

நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த குரல் வந்தது.

"வேலையை நிறுத்தச் சொல்லு. தண்ணியும் நிறையக் குடிச்சுட்டேன், கீழ வரேன். எவன் சிரிக்கிறான்னு பார்த்து வை."