சிவகிரிக்காரர் தியேட்டரில் மாப்பிள்ளை பார்த்தார்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். என் மச்சினன் சங்கர் நின்றுகொண்டிருந்தான்... ஃப்ளெக்ஸில்! பொங்கல் ரிலீஸ் படத்தின் ஹீரோ ஓரமாக ஸ்டாம்ப் சைஸில் கிடக்க, நட்ட நடுவே கூலிங் கிளாஸ் போட்டபடி சங்கர். 'வெள்ளித்திரையில் எங்கள் ஊர் தங்கம்' என்று கீழே எழுத்து. அவன் கூட்டாளிகள் வைத்தது.

எனக்கு அப்போதே எங்கேயோ இடித்தது.

சங்கர் சென்னைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. என்ன வேலை என்று கேட்டால், "சினிமாலதான் இருக்கேன் அத்தான்" என்பான். சினிமாவில் என்ன? "எல்லாந்தான்." எல்லாம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? இந்தப் படத்தில் என்ன வேஷம் என்று கேட்டதற்கு, "படத்துல இருக்கேன், பாருங்களேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நாளாக வீடியோ காலுக்கும் வருவதில்லை. கேட்டால் நெட் சரியில்லையாம். பொங்கலுக்கு ஊருக்கும் வரவில்லை. ஷூட்டிங்காம். பொங்கலன்று எவன் ஷூட்டிங் வைக்கிறான்? ஒருவேளை ஏதாவது ஓட்டலில் சப்ளையராக இருக்கிறானோ? இல்லை, ரூமில் காட்டக்கூடாத ஆள் யாராவது இருக்கிறார்களோ?

"நீங்க கோயில் பிரசாதத்தையே மோந்து பார்த்துட்டுத் திங்கிற ஆளு. உங்ககிட்டப் போயி எந்தம்பி என்னத்தச் சொல்லுவான்?" என்று என் மனைவி செல்வி ஒரே போடாகப் போட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், பண்டிகை வாரத்தில் சினிமாக்காரர்களைச் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? காலையில் ரிலீஸ், மத்தியானமே 'மாபெரும் வெற்றி' போஸ்டர். அதை எப்போது அச்சடித்தார்கள்? டிக்கெட் ஆப்பில் பார்த்தால் ஒரு சீட்கூட இல்லை, உள்ளே போனால் முன் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். வாசலில் மைக்கை நீட்டினால் "வேற லெவல்!" என்று கத்துகிறான் ஒருவன் — அவன் இன்னும் டிக்கெட்டே கிழிக்கவில்லை!

ஒரே ஒருவரைத்தான் நம்பினேன். பொங்கல் காலையில் டிவியில் அந்தப் படத்து ஹீரோ பேட்டி கொடுத்தார். பட்டு வேட்டி, வலது கையில் பளபளவென்று காப்பு. "டூப் போடுறது ரசிகர்களை ஏமாத்துற வேலை. எல்லா அடியும் நானே வாங்கினேன்" என்று கண் கலங்கினார். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பாரு, இவன்தான் மனுஷன்" என்றேன் செல்வியிடம்.

இதெல்லாம் வெறும் சினிமா வம்பு என்றால் நான் கவலைப்பட மாட்டேன். நடுவில் ஒரு கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கருக்குச் சிவகிரியில் பெண் பேசியிருந்தோம். பெண்ணின் அப்பா விவசாயி. சந்தேகத்தில் எனக்கு அண்ணன். "மாப்பிள்ளை சினிமாங்கிய... படம் வரட்டும், ஸ்கிரீன்ல மொகத்தப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வரன் தட்டிப்போன பையன் அவன். இதுவும் போனால் அவன் அம்மா, என் அத்தை, படுத்த படுக்கையாகிவிடுவார்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, பொங்கல் வைத்து முடித்த கையோடு, மேட்னி ஷோவுக்கு அப்பாவும் மகள் வேணியும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நான், செல்வி, அத்தை, பக்கத்தில் அவர்கள் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். உலகத்திலேயே தியேட்டரில் மாப்பிள்ளை பார்த்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

படம் ஓடியது. ரௌடி கூட்டத்தில் தேடினேன், இல்லை. பாட்டு சீனில் பின்னால் ஆடுகிறவர்களில் தேடினேன், இல்லை. டீக்கடை பெஞ்சில், பிணத்தைத் தூக்குகிறவர்களில்... ம்ஹூம். இடைவேளை வந்தது. சிவகிரி அண்ணாச்சி பாப்கார்னைக்கூடத் தொடவில்லை. "இன்னும் வரலியே சார்?" என்றார். "செகண்ட் ஹாஃப்ல வருவான்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஹீரோவை ஒரு கும்பல் துரத்துகிறது. மொட்டை மாடியில் ஓடுகிறார். மாடி முடிகிறது. அப்படியே கீழே லாரி மேல் பாய்கிறார்—

"ஏலே சங்கரு!"

அத்தை எழுந்து நின்று அலறிவிட்டார். லாரியிலிருந்து எழுந்து திரும்பியது ஹீரோவின் முகம். தியேட்டரே சிரித்தது. எனக்கு சீட்டுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"உக்காருங்க அத்தை, அது ஹீரோ."

"ஓடுனது எம்பிள்ளதான். எடது தோளத் தூக்கிட்டு ஓடுதான் பாரு, சின்னதுலேர்ந்து அவன் அப்பிடித்தான் ஓடுவான். எனக்கா தெரியாது?"

அதன் பிறகு படம் முடியும்வரை அத்தைதான் கமெண்ட்ரி. "இது அவன்... இது அந்தாளு... இந்தா, மறுபடியும் அவன்!" நானும் உற்றுப் பார்த்தேன். வசனம் பேசும்போது ஹீரோவின் காது தலையோடு ஒட்டியிருக்கிறது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது இரண்டு காதும் விடைத்து நிற்கிறது. ஐயையோ... எங்கள் வீட்டுக் காது!

வெளியே வந்ததும் சங்கருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "டூப்பா நீ?" "வெளிய சொல்லக் கூடாதுன்னு பேசித்தான் வேலை குடுக்காங்க அத்தான்" என்றான். "ஃப்ளெக்ஸ் வைக்காதீங்கலேன்னு அந்தப் பயலுவகிட்டத் தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான?"

சிவகிரி அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "மொகமே இல்லியே சார். முதுகப் பார்த்துட்டு எப்பிடிப் பொண்ணு குடுக்க?" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினார். போச்சு, மூன்றாவதும் போச்சு. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத வேணி, என் கையிலிருந்த போனைப் பார்த்துக் கேட்டாள்.

"அடி பட்டுச்சா?"

நாங்கள் யாருமே கேட்காத கேள்வி. "ஒண்ணுமில்ல... லேசாத்தான்" என்று இழுத்தான் சங்கர்.

"வீடியோவப் போடுங்க" என்றாள்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. திரையில் சங்கர் வந்தான். வலது கை முழுக்க மாவுக் கட்டு, கழுத்திலிருந்து தொட்டில்போலத் துணி. "இது அந்தப் படத்துல இல்ல, அடுத்த படத்துல" என்று அசடு வழிந்தான். நான் என்னென்னவோ நினைத்தேனே, பாவிப்பயல் மறைத்தது இதைத்தான். அத்தை நடுரோட்டில் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. டிவி பேட்டி பார்த்து இல்லை, நிஜமாகவே.

அண்ணாச்சி திரும்பி வந்து கட்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுத?"

"கை சரியாகட்டும்ப்பா. பெறவு நாள் பாருங்க."

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், அதே பேட்டி மறு ஒளிபரப்பு. "எல்லா அடியும் நானே வாங்கினேன்" என்று ஹீரோ மறுபடியும் கண் கலங்கினார். அத்தை பக்கத்தில் போய், காப்பு போட்ட அந்தக் கையைக் குனிந்து பார்த்தார்.

"அம்புட்டு அடியும் இவன் வாங்கினான்னா... கட்டு எங்க?"