ஐந்து துளை சாக்கெட்

போர்க்காலத்து ராணுவ ரேடியோ, ரேடார் எதன் கனெக்டரானாலும், கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தால் அது பிறந்த வருஷத்தையே சொல்லிவிடுவார் அந்த டிவி மெக்கானிக். கண்ணைக் கட்டி என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது; லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்வார். வருஷமும் ஐந்தாறு முன்னே பின்னே போகும். கல்யாண வீட்டில் மைக்செட்டைக் கவிழ்த்து அதன் பின்களை எண்ணிக்கொண்டிருந்தவர் என்பதால் மச்சினர்கள் வைத்த பெயர் பின்னெண்ணி.

அருங்காட்சியகத்தில் ஒரு ரேடார் பெட்டி செத்துக் கிடந்தது. உயிர் கொடுக்க ஒரு பிளக் வேண்டும். அதை மாட்டும் சாக்கெட்டோ இவர் அறிந்தவரை உலகத்தில் அது ஒன்றுதான். அங்குள்ள எலக்ட்ரீஷியன் போட்டோ அனுப்பினார். எழுத்தெல்லாம் தேய்ந்த சாக்கெட். ஐந்து துளை, பிளக்கைத் திசை பார்த்து மாட்ட விளிம்பில் ஒரு பள்ளம், பெரிய துளை அந்தப் பள்ளத்துக்கு வலப்பக்கம். இவருடைய மிட்டாய் டப்பாவில் இரண்டு பிளக் இருந்தன. அச்சு அசல் ஒன்றுதான், தடித்த பின் மட்டும் பக்கம் மாறியிருக்கும். படத்துக்குப் பொருந்தியதை அனுப்பிவிட்டு, திரையில் பச்சைக் கோடு ஓடும் செய்திக்காக நான்கு நாள் போனும் கையுமாகவே இருந்தார்.

போன் வந்தது.

"அண்ணே, பாதிதான் போகுது."

"போனா முழுசாப் போகணும், பாதி போகக் கூடாதே தம்பி. பள்ளம் நேரா இருக்கான்னு பாரு."

"எங்க பாக்குறது? பெட்டி செவுத்த ஒட்டி நிக்குது, யானை கனம். கை போகும், தலை போகாது."

"அப்ப போட்டோ எப்படி எடுத்த?"

"ஷேவிங் கண்ணாடிய உள்ள நீட்டி, அதுல தெரிஞ்சத எடுத்தேன். இருங்க, போனக் கீழ வச்சுட்டு கொறட்டால ஒரு தள்ளு தள்ளிப் பாக்குறேன்."

பின்னெண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் இடம் வலமாகிவிடும். அனுப்பியிருக்க வேண்டியது மற்ற பிளக்கை.

"தள்ளாத தம்பி. வெளிய எடு. டேய், கேக்குதா?"

எங்கோ தரையில் கிடந்த போனுக்குள் தொண்டை கிழியக் கத்தினார். பதிலுக்கு எலக்ட்ரீஷியன் மூச்சைப் பிடித்து முக்குவதுதான் கேட்டது. பிறகு 'சடக்'. எண்பது வருஷத்துப் பேக்கலைட் பிளாஸ்டிக் உடையும் சத்தம் அவருக்குத் தெரியாததா?

"அண்ணே, சாக்கெட் ரெண்டா வந்துருச்சு."

போனை வைத்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "கண்ணாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அவன்?" என்றார்.

"சொன்னாரே. போட்டோ அனுப்பின அன்னிக்கே சொன்னாரு, ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன். நீங்கதான் படத்தப் பாத்த குஷியில, சரி சரி, போன வையின்னீங்க."