காபி குடித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்

போன வாரம் என் மனைவி கலையின் பதவி உயர்வுக்கே உலை வைக்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான்!

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஆடுகோடிப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. அந்தக் கால மனைவிகளுக்கான யோசனைகள். கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டுமாம். வீட்டுத் தொல்லை எதையும் வந்ததும் வராததுமாகச் சொல்லக் கூடாதாம். காபி கொடுத்து, அரை மணி நேரம் ஓய்வெடுக்க விட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்கணுமாம்.

எங்கள் வீட்டில் ஆபீஸ் போய் வருவது கலை. வீட்டில் உட்கார்ந்து எழுதுவது நான். அப்படியென்றால் யோசனை யாருக்கு? எனக்குத்தானே!

வியாழக்கிழமை சாயங்காலம் முகம் கழுவி, தலை வாரி, காபிக்குப் பால் வைத்தேன். அப்போது பார்த்து எங்கள் கன்னடக்கார வாட்ச்மேன் மணி அடித்தார்.

"சார், டேங்கர் இவத்து பரல்ல."

தண்ணீர் லாரி இன்றைக்கு வராது. ஆறரைக்குக் குழாய் நின்றுவிடும்.

ஆறு மணிக்கு கேப் வந்தது. கலை உள்ளே நுழைந்தாள். பல் தெரியச் சிரித்தேன்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சேச்சே... உக்காரும்மா, காபி எடுத்துட்டு வரேன்."

ஏழு மணிக்கு அவளுக்கு வீடியோ இன்டர்வியூ. மேனேஜர் வேலை. இரண்டு வருடமாகக் காத்திருந்தது. இந்த நேரத்தில் போய்த் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்வானேன்? முகத்தை மட்டும் கழுவிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

ஆற அமரக் குடித்தாள். "ஒரு நாளாவது இப்படி நிம்மதியா காபி குடிச்சிருக்கேனா!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு இருபத்தைந்துக்குத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வாயைத் திறந்தேன்... அரை மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி. மூடிக்கொண்டேன்.

"என்னங்க! தண்ணி நின்னுடுச்சு! தலையெல்லாம் ஷாம்பு!"

அதற்கு மேல் என்ன புத்தகம்? டேங்கர் வராததையும் புத்தகம் சொன்னதையும் கக்கினேன்.

"தெரிஞ்சும் சொல்லலையா? அட கடவுளே! அந்த கேனைத் தூக்கிட்டு வாங்க!"

குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேன். மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். ஊற்ற ஊற்றத் திட்டு. ஆறு ஐம்பத்தெட்டுக்கு, ஈரத் தலையை இழுத்து முடிந்துகொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் சமையலறையில் நின்று வேண்டாத தெய்வமில்லை. சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது.

"கெடைச்சிடுச்சுங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ நேராக வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஒரு நாள் வாயை மூடுனதுக்கே இந்தப் பாடு. அந்தப் பொம்பளைங்க தெனம் தெனம் எவ்வளவு முழுங்கியிருப்பாங்க? அரை மணி கழிச்சு மட்டும் யாராவது கேட்டிருப்பாங்களா?"

உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கெட்ட சேதி வாசலிலேயே சொல்லப்படும். காபி ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம்.