வடித்து ஊற்றிய கஞ்சி

கனடாவின் வின்னிபெக்கில் நான் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் கைபேசியை எடுத்துத் தட்டைப் படம் பிடிக்கிறேன். மதியம் ஒரு கைப்பிடிச் சோறு, அவித்த பீன்ஸ், ஒரு துண்டு மீன். படம் மெலிசாவுக்குப் போகும். மருத்துவமனையில் அவள் உணவு ஆலோசகர். என் பேத்தி வயது. பச்சை நிறத்தில் ஒரு அடையாளம் போட்டு அனுப்புவாள். அதன் பிறகுதான் சாப்பிடுவேன். எங்கள் ஊரில் இலை போட்ட நேரத்தில் வெளியாள் வந்தால் கதவை ஒருக்களித்துச் சாத்துவார்கள். சோற்றில் பிறர் கண் படக்கூடாது. மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் வான்கூவரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். எழுபத்தெட்டு வயதில் என் சோற்றின் மேல் பட ஒரு கண்ணாவது இருக்கிறதே என்று சில நாள் தோன்றும்.

இரண்டு முழங்காலும் போய்விட்டன. பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம், இல்லாவிட்டால் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடக்காமலே இங்கே காலம் தள்ளிவிடலாம். எல்லாம் வீட்டுக்கே வருகிறது. ஆனால் நான் ஒரு முறை ஊருக்குப் போயாக வேண்டும். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் அஞ்சலை என்று ஒருத்தர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதல் நாள் மெலிசா கேட்டாள்: "சோற்றோடு முக்கிய உணவாக என்ன சாப்பிடுவீர்கள்?"

"சோறுதான்."

"சோறு பக்க உணவு. நான் முக்கிய உணவைக் கேட்கிறேன்."

"அதுவும் சோறுதான்."

அவள் கணினியில் ஏதோ தட்டினாள். வெளியே வரும்போது திரையைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே, கேள்வியைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார் என்று இருந்தது.

சோற்றை அடியோடு விட முடியாதென்றால் இப்படிச் சமையுங்கள் என்று ஒரு வழி சொன்னாள். நிறையத் தண்ணீர் வைத்து வேகவைக்க வேண்டும். வெந்ததும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மாவுச்சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதிய ஆராய்ச்சி போலச் சொன்னாள். நானும் புதிதாகக் கேட்பவனைப் போலத் தலையாட்டினேன். நாற்பது வருடமாக இந்த வீட்டில் மின்சாரக் குக்கர்தான். வடித்த சோற்றை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று பானையைச் சாய்த்ததும் எழுந்த வாசனையில் நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஞ்சியைக் கொட்டவில்லை. உப்புப் போட்டு ஒரு டம்ளர் நின்றபடியே குடித்தேன். மறுநாளும் குடித்தேன். கஞ்சி அதிகம் கிடைக்கட்டும் என்று ஒரு ஆழாக்கு அரிசிக்குப் பதில் இரண்டு ஆழாக்கு போட்டேன். மிச்சச் சோற்றை எறிய மனம் வராமல் சாயந்தரம் தின்றேன். படத்தில் கைப்பிடிச் சோறு மட்டும் இருக்கும். டம்ளர் இருக்காது. ஐந்து வாரம் கழித்துத் தராசில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது. "உங்கள் படங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. தராசுதான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது" என்றாள் மெலிசா. நான் சிரித்து வைத்தேன். பசியில்லாத நேரத்தில் எதையாவது தேடித் தின்கிறீர்களா, தனிமையினாலா என்று கேட்டாள். அது பசியா, வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை.

இனி வருவது அந்தப் பெண்ணிடம் நான் சொல்லாதது.

தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய புதிது. எங்கள் ஊர் முக்கில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. வேலை செய்பவர்கள் குடியிருந்த தெருவின் முனையில் செங்கொடி நின்றது. எங்களுக்கு நிலம் அதிகம். அந்தத் தை மாதம் அறுவடைக்கு ஆட்கள் இறங்கவில்லை. கூலி நெல்லில் அரைப் படி கூட்டிக் கேட்டார்கள். என் தந்தை அசலூர் ஆட்களைக் கொண்டுவந்தார். வரப்பில் அரிவாளும் தடியும் எதிரெதிராக நின்றன. திருச்சியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த நான் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் உலை வடித்த கஞ்சி, வயலில் வேலை செய்பவர்களுக்கு. பெண்கள் கொல்லைப் பக்கம் பானையோடு வந்து நிற்பார்கள். எங்கள் பாத்திரம் அவர்கள் பாத்திரத்தில் படாதபடி உயரத் தூக்கி ஊற்றுவார் அம்மா. தூக்கி ஊற்றுவதில் பாதி வெளியே சிந்தும். அதை தர்மம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கஞ்சிய நிறுத்து. வயிறு காஞ்சா தானா வயலுக்கு வருவாளுவ" என்றார் தந்தை.

"அவ்வளவு கஞ்சிய என்னங்க பண்றது?"

"மாட்டுக்கு ஊத்து."

அன்று அஞ்சலை வந்து நின்றார். பிள்ளை பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. "இன்னைக்கு இல்லேன்னு நீ போயி சொல்லிட்டு வாடா" என்றார். சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். அஞ்சலை வழக்கம் போலத் தன் பானையை நீட்டினார். நான் அவரைக் கடந்து போய் மாட்டுத் தொட்டியில் கஞ்சியைச் சாய்த்தேன். அவர் கண்ணெதிரே ஊற்று என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் தந்தையாக ஒரு நிமிடம் இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. ஊற்றிவிட்டுத் திரும்பி அவர் முகத்தையும் பார்த்தேன்.

"ஊத்துங்க சின்னய்யா, நல்லா ஊத்துங்க. அந்த மாடு சங்கத்துல சேரலல்ல" என்றார். பானையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பேச்சுவார்த்தை நடந்து கூலி கூடியது. நில உச்சவரம்பைக் குறைக்கும் சட்டம் வருவதற்குள் தந்தை கொஞ்சம் நிலத்தை என் பெயருக்கு மாற்றினார். அதை விற்றுத்தான் நான் விமானம் ஏறினேன்.

அஞ்சலையின் மகன் கலியபெருமாள், அந்த ஒரு மாதக் குழந்தைதான், இப்போது ஊரில் பள்ளி ஆசிரியர். தராசில் எடை கூடிய வாரம் அவருடைய எண்ணை உறவினரிடம் வாங்கிப் பேசினேன். இங்கே காலை, அங்கே பொழுது சாயும் நேரம். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க சார். கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று கொடுத்தார்.

"யாரு, பெரிய வீட்டுத் தம்பியா? இன்னும் இருக்கீங்களா?"

சின்னய்யா இல்லை, தம்பி. கஞ்சி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் தொலைக்காட்சித் தொடரில் யாரோ அழும் சத்தம் கேட்டது.

"அது மறந்து போவுமா? வீட்டுக்குப் போனா இவன் மாரக் கடிச்சுக்கிட்டு அழுவுறான். பாலு இல்ல. ஊத்துனது கூடப் போவுது தம்பி. ஊத்திட்டு எம்மூஞ்சியப் பாத்தீங்க பாருங்க."

அவர்தான் பேச்சை மாற்றினார். "சரி, என்ன சாப்பிட்டீங்க?"

முழங்கால், எடை, கைப்பிடிச் சோறு எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் கஞ்சி குடிப்பதையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"எங்கஞ்சிய குடிச்சுதான் ஊதிப்போயிட்டீங்களா! எனக்கும் சுகரு. ஒரு கரண்டி சோறுன்னுட்டாரு டாக்டரு. மருமவ கஞ்சிய வடிச்சு சாக்கடையில ஊத்துறா. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன்." பிறகு, "மன்னிப்பெல்லாம் போன்ல செல்லாது. நேர்ல வாங்க. எங்க வீட்டுக்குக் கொல்ல வழி கெடையாது, வாசல் வழியாதான் வரணும். சீக்கிரம் வாங்க, நான் எத்தன நாளு இருக்கப்போறேன்?" என்றார்.

அவர் வாசல் படி ஏற எனக்கு முழங்கால் வேண்டும். முழங்காலுக்கு எடை குறைய வேண்டும். எடை குறைய, கஞ்சியை ஊற்றிவிடுவது பழக்கமாக வேண்டும். எதற்காக மன்னிப்புக் கேட்கப் போகிறேனோ அதையே தினமும் செய்தால்தான் கேட்கப் போய்ச்சேர முடியும்.

மறுநாள் ஒரு ஆழாக்குதான் போட்டேன். வடித்தேன். சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கை வரவில்லை. கனத்த கோட்டையும் காலணியையும் மாட்டி, கைத்தடியை ஊன்றி, பானையோடு பின்பக்கம் போனேன். எங்கள் டெல்டாவைப் போலவே இதுவும் கண்ணுக்கெட்டியவரை தட்டையான பூமி. மேட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாம் பனி. ஊற்றிய இடம் குழிந்து ஆவி எழுந்தது. ஊரில் என்றால் மாடு வந்திருக்கும், கோழி வந்திருக்கும், பானையோடு ஒரு பெண் நின்றிருப்பார். இங்கே எதுவும் வரவில்லை. வெள்ளைமேல் வெள்ளை, சற்று நேரத்தில் எது கஞ்சி, எது பனி என்று தெரியவில்லை. பானையின் விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு விரலைப் பனியில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக உள்ளே ஏறினேன்.