சார்ஜன் என்கிற அவசர மாப்பிள்ளை

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ஜெயவேலுக்குச் சம்பளம் குறைச்சல், கோபம் அதிகம், பொறாமை அதைவிட அதிகம். ஊரில் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கலீலுல்லா ஒருத்தரைப் பார்த்துத்தான். மற்றவர்கள் மாடி வீடு கட்டினாலும் கண்டுகொள்ள மாட்டார். கலீலுல்லா புதுச் செருப்பு போட்டால் போதும், அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

கலீலுல்லா தண்டையார்ப்பேட்டையில் கறிக்கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே இருவரும் தோஸ்து. துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், சுதந்திரம் வந்தபிறகு மூட்டை கட்டிக் கப்பலேறியபோது, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு அல்சேஷன் கடுவன் நாய்க்குட்டிகளை ஆளுக்கொன்றாக இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜெயவேல் தன் குட்டிக்குச் சார்ஜன் என்று பெயர் வைத்தார். கலீலுல்லா தன்னுடையதை ஆட்டுப்பட்டிக்குக் காவல் வைத்து, சுல்தான் என்று கூப்பிட்டார். இரண்டுக்கும் நெஞ்சில் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டு.

சுல்தான் மளமளவென்று வளர்ந்தது. கறிக்கடை நாய் வளராமல் என்ன செய்யும்? சார்ஜனுக்கும் எலும்பு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நல்லதையெல்லாம் சுல்தான் தின்றபிறகு மிச்சம்தான் நமக்கு வருகிறது என்று ஜெயவேல் தன் மனைவி பவுனம்மாளிடம் பொருமுவார்.

அப்போது ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த கூட்ஸ் ரயில் கார்டு வால்டரிடம் பியூட்டி என்று ஒரு அல்சேஷன் பெட்டை இருந்தது. அது பருவத்துக்கு வந்ததும், நல்ல கடுவன் வேண்டும் என்று வால்டர் யார்டில் சொல்லி வைத்தார். நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகளில் முதலில் பொறுக்கி எடுப்பது கடுவனுக்குச் சொந்தக்காரன்தான். ஜெயவேலுக்கு அந்தக் குட்டிகூடப் பெரிதில்லை. யார்டு முழுக்க 'ஜெயவேல் நாயோட குட்டி' என்று பேச வேண்டும். 'கலீலு நாயோட குட்டி' என்று ஒருத்தன் வாயிலும் வந்துவிடக் கூடாது.

கறிக்கடைக்குப் போனபோது, சார்ஜனை வால்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போவதாக ஜெயவேல் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தார். கலீலுல்லா கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ரெண்டுமே இன்னும் கொயந்தை நைனா. ஒரு வயசுகூட ரொம்பல. ரெண்டு வயசு ஆவட்டும். அப்பவும் பொட்டைதான் கடுவன் கீற எடத்துக்கு வரணும். புது எடத்துல கடுவன் பேஜாராயிடும்" என்றார்.

"காலைத் தூக்கிகினு ஒண்ணுக்குப் போவுது பாய். இன்னும் இன்னா கொயந்தை?"

"காலைத் தூக்குனா மாப்பிள்ளை ஆயிடுவானா?" என்று கலீலுல்லா சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஜெயவேலுக்கு வயிறு எரிந்தது. நம்மைக் காக்க வைத்துவிட்டு இவன் சுல்தானை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சார்ஜனுக்குப் பச்சை முட்டை ஊட்டி, கழுத்தில் பவுனம்மாளின் ரிப்பனைக் கட்டினார்.

"விளையாட்டுப் புள்ளைக்கு மாப்பிள்ளை கோலமா? பாய் சொன்னதைக் கேட்டா இன்னா கொறைஞ்சிடுவ?" என்றாள் அவள்.

"அந்தப் பேரை இந்த வூட்ல எடுக்காதே!"

மறுநாள் காலை அவரே சார்ஜனை ராயபுரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். "இதுக்கு வயசு ஆச்சா மேன்?" என்று வால்டர் சந்தேகமாகக் கேட்டார். "ஆச்சு தொரை, பார்க்கத்தான் சின்னதா கீது" என்று ஜெயவேல் கூசாமல் சொன்னார்.

புது வீடு, புது வாசனை. சார்ஜன் முதலில் நடுங்கியது. பிறகு பியூட்டியை விளையாடக் கூப்பிடுவதுபோல முன்காலை நீட்டிக் குதித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதன் தலைப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. பியூட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே கவ்வாகக் கவ்வியது. இடது காது கிழிந்து, வீலென்று கத்திக்கொண்டு ஓடிவந்த சார்ஜன் ஜெயவேலின் கால்களுக்கிடையில் புகுந்து அவர் வேட்டியை நனைத்தது.

காது ஆறியது, பயம் ஆறவில்லை. தெருவில் எலும்பும் தோலுமாக ஒரு பெட்டை நாய் வந்தாலும் சார்ஜன் வாலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடும்.

அடுத்த வருஷம் வால்டரே பியூட்டியை கலீலுல்லாவின் ஆட்டுப்பட்டிக்கு அழைத்துப் போனார். சுல்தானுக்கு அப்போது இரண்டு வயது நிறைந்திருந்தது. சண்டையில்லை, சத்தமில்லை, காரியம் முடிந்தது. செய்தி வந்த அன்று பவுனம்மாள் வைத்த மீன் குழம்பை ஜெயவேல் தொடவே இல்லை.

குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் கலீலுல்லா ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஜெயவேல் வீட்டுக்கு வந்தார். "மொதல்ல பொறுக்குனது. உனக்குத்தான் நைனா. எனக்கு சுல்தான் போதும்."

ஜெயவேல் குட்டியை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏதாவது குறை இருக்காதா என்று தேடினார். நோஞ்சானாக இருந்தால், கழித்ததை நம் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டியாவது ஆறலாம். குட்டி கொழுகொழுவென்று இருந்தது. நெஞ்சில் அதே வெள்ளைத் திட்டு.

"அப்படியே என் சார்ஜன் ஜாடை, பாய்."

"பின்ன? பெரியப்பனாச்சே!" என்று கலீலுல்லா கள்ளமில்லாமல் சிரித்தார்.

ஜெயவேல் சிரிக்கவில்லை. அப்பனாகியிருக்க வேண்டிய சார்ஜன், கிழிந்த காதோடு மூலையிலிருந்து எழுந்து வந்து குட்டியை முகர்ந்தது. பெட்டைக் குட்டி என்று தெரிந்ததும் வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.